சம்ப்புக்குத் தோண்டிய குழி

என் கிரேசக்கா, என் கூடப்பிறந்தவளே,

நீ சொன்னது சரிதான். நம் அபார்ட்மென்ட்டுக்குப் பின்னால் நிஜமாகவே இருந்தது. இருக்கிறது என்று எழுதத்தான் ஆசை. முடியவில்லை. நீ போன பிறகு இதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உனக்கே எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் படிக்கட்டும்.

பெருங்களத்தூரில் இந்த இரண்டு வீட்டையும் அடுத்தடுத்து வாங்கிக்கொண்டு நாம் குடிவந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? முதல் மழையில் பின்பக்கச் சுவரோரம் மண் கரைந்து, உள்ளே கருப்பும் வெளியே சிவப்புமாகப் பானை ஓட்டுச் சில்லுகள் தலைகாட்டின. நீ அவற்றைக் குழாயடியில் கழுவி ஜன்னலோரம் காயவைத்தாய். "எமி, இது சமையல் சட்டி இல்லடி. செத்தவங்களோட வெச்சுப் புதைச்சது. இந்தக் குன்னு அடிவாரம் பூரா இருந்திருக்கும். நாம அவங்க தலைமேலதான் குக்கர் வெச்சிட்டிருக்கோம்" என்றாய். அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. நீ நன்றாகத் தூங்கினாய்.

வரலாறு டீச்சருக்கு எல்லாமே பழசுதான் என்று எதிர்வீட்டில் கேலி செய்தார்கள். ஆனால் ஒருமுறை உன் வகுப்புப் பிள்ளைகளைக் குன்றுக்குப் பின்னால் கூட்டிப்போய்க் கல்வட்டங்களைக் காட்டிவிட்டு வந்தாய். இரும்பு புதிதாக வந்த காலத்து மனிதர்கள் தங்கள் பிணங்களைப் புதைத்து, மேலே வட்டமாகக் கல் அடுக்கிவைத்த இடம் என்றாய். அடுத்த வருஷம் வேறு பிள்ளைகளோடு போனபோது அங்கே ஒரு கேட்டும் செக்யூரிட்டியும்தான். வட்டமும் இல்லை, கல்லும் இல்லை. ஜல்லியாகப் போய்விட்டது. திரும்பி வந்து நீ சாப்பிடாமல் படுத்துக்கொண்டாய்.

போன கோடையில் போர்வெல்லில் தண்ணீர் நின்றுவிட்டது. லாரித் தண்ணீரைப் பிடித்துவைக்கப் புதிதாகப் பெரிய சம்ப் கட்டலாம் என்று அசோசியேஷனில் முடிவெடுத்தார்கள். செயலாளர் இப்போதும் நம் ரங்கநாதன் சார்தான். மூன்றாவது மாடி, ரிட்டையர்டு பேங்க் ஆபீசர். உனக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. உன்னைக் கீமோவுக்கு ஒவ்வொரு தடவையும் தன் காரில் கூட்டிப்போன மனிதர். ஜிஎஸ்டி ரோட்டு நெரிசலில் நீ வாந்தி எடுத்தபோது வண்டியை ஓரங்கட்டி, தன் துண்டை நனைத்து உன் வாயைத் துடைத்தவர். கடைசியில் லிஃப்ட் வேலை செய்யாத அன்று ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்து உன்னைக் கீழே இறக்கியவரும் அவர்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பொக்லைன் வந்தது. நான் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். திடீரென்று பெரிய சட்டி உடைகிற மாதிரி ஒரு சத்தம். டிரைவர் தானாகவே வண்டியை நிறுத்திவிட்டார். நான் ஈரக் கையோடு இறங்கிப் போனேன்.

சுட்ட மண்ணில் செய்த நீளமான தொட்டி, அக்கா. நீ போர்டில் வரைந்து காட்டுவாயே, அதே ஈமப்பேழை. அடியில் வரிசையாகக் குட்டைக் குட்டைக் கால்கள். ஒரு முனையைப் பொக்லைனின் பக்கெட் நொறுக்கியிருந்தது. பக்கத்தில் சின்னச் சின்னப் பானைகள், துருவாகிப்போன ஒரு இரும்புத் துண்டு. உள்ளே மண்ணோடு மண்ணாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. மரவேர் என்று நினைத்தேன். அப்புறம் பல் தெரிந்தது.

எனக்கு அந்த நேரம் தாம்பரம் கல்லறைதான் கண்ணில் வந்தது. உன்னை அம்மாவின் குழியில்தான் வைத்தோம். இடமில்லை என்றார்கள். குழியைத் திறந்தபோது அம்மாவின் எலும்புகளைப் பொறுக்கி ஒரு துணியில் கட்டி உன் கால்மாட்டில் வைத்தார்கள். நான் பார்க்கக் கூடாது என்று உன் பையன் டேனி என்னைத் திருப்பி நிறுத்தினான். ஆனாலும் பார்த்துவிட்டேன். சின்ன மூட்டை. இங்கே கிடந்தவருக்கோ யாரோ கால் வைத்துத் தொட்டி செய்து, சுட்டு, பக்கத்தில் பானை வைத்து அனுப்பியிருக்கிறார்கள். எத்தனை காலம் அசையாமல் கிடந்திருப்பார். நம் அம்மாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அதற்குள் எல்லோரும் கூடிவிட்டார்கள். இரண்டாவது மாடி கீதா, "என் பொண்ணு முழுகாம இருக்கா ஆன்ட்டி. பொணம் கெடந்த எடத்துல தண்ணி புடிச்சுக் குடிக்கறதா?" என்றாள். அவள் பயந்துதான் போயிருந்தாள். வேறொருவர் தன் வீட்டை விற்கப் பேசிக்கொண்டிருப்பதாகவும், இது வெளியே தெரிந்தால் யாரும் வாங்க மாட்டார்கள் என்றும் சொன்னார்.

"சார், இந்த மாதிரி கெடச்சா கவர்மென்ட்டுக்குச் சொல்லியே ஆகணும். அதுதான் சட்டம்" என்றேன்.

ரங்கநாதன் சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சொன்னா வந்து வேலையை நிறுத்திடுவாங்க மேடம். இத்தனை குடும்பம் தண்ணிக்கு என்ன பண்றது?"

"ரெண்டு நாள் சார். வந்து பாத்துட்டுப் போகட்டும்."

"சரி. திங்கக்கிழமை வரைக்கும் யாரும் தொட மாட்டாங்க. போதுமா?"

போதும் என்று நம்பினேன். தொல்லியல் துறைக்குப் போன் செய்தேன். ஒரு பெண் அதிகாரி பேசினார். போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், தார்ப்பாய் போட்டு மூடிவையுங்கள், எதையும் எடுக்காதீர்கள், திங்கள் காலையில் வருகிறேன் என்றார். குரலில் சந்தோஷம் தெரிந்தது. உன்னிடம் ஓடிவந்து சொல்ல வேண்டும் போல இருந்தது. பூட்டிய உன் வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போனேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் நீலக் காட்டன் புடவையைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். ஆராதனை முடிந்து திரும்பி வரும்போது கேட்டிலிருந்தே கலவை மெஷின் சத்தம் கேட்டது. குழி இருமடங்கு அகலமாகியிருந்தது. முன்னமே கட்டிவைத்திருந்த கம்பியை இறக்கியாகிவிட்டது. அடித்தளத்துக்குக் கான்கிரீட் கொட்டிக்கொண்டிருந்தார்கள். என் தார்ப்பாய் சுவர்மேல் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"சார், திங்கக்கிழமைன்னீங்களே."

"நேத்து மீட்டிங் போட்டோம் மேடம். எல்லாரும் ஒரே முடிவா சொல்லிட்டாங்க. நான் தனியாளா என்ன பண்றது?"

"என்னைக் கூப்பிடலயே."

அவர் கலவை மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவங்க எங்க?"

"யாரு?"

"உள்ள இருந்தவங்க."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "மண்ணோட சேர்ந்து லாரில போயிடுச்சு. முடிச்சூர்ல யாரோ மனையை மேடாக்கறாங்களாம்."

ஆட்டோ பிடித்துப் போனேன். வெள்ளம் வந்துபோன பிறகு முடிச்சூரில் ஒவ்வொருத்தரும் பக்கத்து மனையைவிடத் தன் மனையை உயர்த்தப் பார்க்கிறார்கள். எங்கே பார்த்தாலும் மண்மேடு. விசாரித்து விசாரித்துத்தான் இடத்தைக் கண்டுபிடித்தேன். டிப்பர் லாரி டிரைவர் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா தேடிகினு கீறே?"

"காலைல பெருங்களத்தூர்லேர்ந்து வந்த மண்ணு."

"அந்தாண்ட கொட்னேன். அதும்மேல வேற லோடும் வுழுந்துச்சே. நகை எதுனா தொலைச்சுட்டியா?"

"இல்லப்பா. ஒருத்தரைத் தேடறேன்."

அவருக்குப் புரியவில்லை. நான் கையாலேயே மண்ணைத் தள்ள ஆரம்பித்ததும், சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு மண்வெட்டியோடு வந்தார். வெயில் தலையைப் பிளந்தது. கருப்பு சிவப்புச் சில்லுகள் கொஞ்சம் கிடைத்தன. தொட்டியின் கால் ஒன்று, உடையாமல் முழுசாக. கடைசியில் பற்களோடு தாடைத் துண்டு ஒன்று. அதைப் பார்த்ததும் அவர் இரண்டடி பின்னால் போனார். அப்புறம் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து நீட்டினார்.

"சுத்திக்கம்மா. ஆனா வூட்டுக்கு எடுத்துகினு போவாத. பேஜாராய்டும்."

"வேற எங்க கொண்டுபோறது?"

மற்றதெல்லாம் அந்த மேட்டுக்கு அடியில் கிடக்கிறது, அக்கா. அதற்கு மேலே இப்போது தரைத்தளம் எழும்பிவிட்டது.

சொன்னபடி திங்கள் காலையில் அந்த அதிகாரி வந்தார். சின்ன வயசுப் பெண், தோளில் பெரிய பை. ஈரம் காயாத கான்கிரீட்டின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்தார். நான் துண்டைப் பிரித்துக் காட்டினேன். பஞ்சு வைத்த பெட்டியில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "இதை மட்டும் வெச்சுப் பெருசா ஒண்ணும் சொல்ல முடியாது மேடம். எப்படிக் கெடந்தாங்க, தலை எந்தப் பக்கம், கூட என்ன வெச்சாங்க, எல்லாமே அந்தக் குழிலதான் இருந்துச்சு" என்றார். அப்புறம், யார் சொல்லி இதை அப்புறப்படுத்தினார்கள் என்று எழுத்துமூலமாகத் தர முடியுமா என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் ரங்கநாதன் சார் வந்து கதவைத் தட்டினார். உள்ளே வரச் சொன்னேன். உன் நாற்காலியில்தான் உட்கார்ந்தார்.

"அசோசியேஷன்னு மட்டும் போடுங்க மேடம். என் பேர் வேண்டாம். இந்த வயசுல என்னால ஸ்டேஷன், ஆபீஸ்னு அலைய முடியாது."

"லாரியைக் கூப்பிட்டது நீங்கதானே சார்?"

"ஆமா. நான் இல்லேன்னு சொல்லல." நாற்காலியின் கைப்பிடியைத் தடவினார். "கிரேஸ் மேடம் இருந்திருந்தா என்னை மாட்டி விட்டிருப்பாங்களா?"

நீ என்ன செய்திருப்பாய், அக்கா? உனக்காக அந்தக் காரை ஓட்டிய கை அது. அவர் போன பிறகு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உன்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். நீ சாப்பிடாமல் படுத்த அந்த நாள்தான் திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வந்தது. நடந்ததை நடந்தபடி எழுதினேன். அவர் பெயரையும் எழுதினேன். அவர் உனக்குச் செய்ததை எழுத அந்தத் தாளில் இடமில்லை.

அவரை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். இன்னும் கூப்பிடுகிறார்கள். மனிதர் தளர்ந்துவிட்டார், நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறார். லிஃப்டில் நான் ஏறினால் அவர் மனைவி இறங்கிவிடுகிறார். கீதா கிறிஸ்துமஸ் கேக்கைத் திருப்பி அனுப்பிவிட்டாள். போன வாரம் படியில் தடுக்கி மணிக்கட்டைப் பிசகிக்கொண்டேன். முன்பெல்லாம் சத்தம் கேட்டாலே நாலு கதவு திறக்கும். ஒன்றும் திறக்கவில்லை. நானே ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போய் வந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் புதர் மண்டிய ஒரு துண்டு நிலம் இருக்கிறதே, அந்த அதிகாரி புதரை விலக்கிப் பார்த்தார். பாதி புதைந்த கற்கள் வளைவாக நிற்கின்றன. கல்வட்டத்தின் ஒரு பகுதியாக இருக்கலாம், கீழே இன்னொருவர் இருக்கலாம் என்கிறார். முறையாகத் தோண்டிப் பார்க்க அனுமதிக்கு எழுதியிருக்கிறார். எப்போது வரும் என்று அவருக்கே தெரியவில்லை. அதற்குள் அங்கே கான்கிரீட் போட்டுக் கார் பார்க்கிங் ஆக்கிவிட வேண்டும் என்று இவர்கள் அவசரப்படுகிறார்கள். அது நம் அபார்ட்மென்ட்டின் பொது இடம் என்பதால் எல்லா வீட்டுக்காரர்களும் சம்மதிக்க வேண்டுமாம். என்னைத் தவிர எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

உன் டேனியும்தான். இதை உன்னிடம் மறைக்கலாம் என்று பார்த்தேன், மனசு வரவில்லை. கனடாவிலிருந்து போன் பண்ணினான். "சித்தி, அம்மாவே போயிட்டாங்க. அந்தக் கல்லைக் காப்பாத்தி என்ன பண்ணப்போறீங்க? நான் வீட்டை விக்கணும். பார்க்கிங் இருந்தா நல்ல விலைக்குப் போகும். நீங்களும் போட்டுடுங்க" என்றான். அவன்மேல் கோபப்படாதே. அவனுக்கு அங்கே ஆயிரம் கஷ்டம். நானும் கோபப்படவில்லை. போட மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். அதற்கப்புறம் அவன் கூப்பிடவில்லை.

எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. எனக்கு அப்புறம் இந்த வீடு யாரிடம் போகும், அவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியாது. கீழே கிடப்பவர் யாரென்றும் தெரியாது. ஆணோ பெண்ணோ, யாருடைய அம்மாவோ அக்காவோ. நான் உயிரோடு இருக்கும்வரை, தோண்டத் தெரிந்தவர்கள் வந்து பதமாக எடுக்கும்வரை, அவர்மேல் யாரும் கார் நிறுத்தப்போவதில்லை. இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு, கிரேசக்கா. ஒவ்வொரு மீட்டிங்கிலும் அந்தச் சம்மதத் தாளை என் முன்னால் வைக்கிறார்கள். நான் பேனாவே எடுத்துப்போவதில்லை.

உன் பின்னாலேயே பிறந்து, உனக்குப் பின்னும் இங்கே இருக்கிற தங்கை,
எமி