ஆகாய சூரனின் நங்கூரம்

மஞ்சக்குப்பம்,
கடலூர்.
புதன்கிழமை.

அன்பு மகள் மோகனப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். மும்பையில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பி எழுதுகிறேன்.

நீ அனுப்பிய இரண்டு டிஸ்க்கில் நல்லதைக் கெட்டது என்றும், கெட்டதை நல்லது என்றும் போனில் சொல்லிவிட்டேன். நடந்தது அதுதான். அதற்கப்புறம் நீ என் போனை எடுப்பதில்லை. அம்மாவோடு மட்டும் பேசுகிறாய். நான் பக்கத்தில் வந்தால் அவளும் "சரிம்மா, அடுப்புல வேலை கெடக்கு" என்று வைத்துவிடுகிறாள். அடுப்பு அணைந்து வெகுநேரம் ஆகியிருக்கும். போனில் பேசினால் எனக்குக் குரல் ஏறிவிடும், உனக்கும் அதே குணம். அதனால் எழுதுகிறேன். முழுசாகப் படித்துவிட்டுக் கோபப்படு.

வேலையை விட்டுவிட்டேன், நம் வீட்டு மாடியை எனக்கு வாடகைக்குக் கொடுங்கள், பழைய சினிமாப் படங்களைச் சுத்தம் செய்யும் தொழிலைச் சொந்தமாக வைக்கிறேன் என்று நீ கேட்டாய். உன்னை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்றுதான் நான் நினைத்தேன். மாடியை மொபைல் கடைக்காரர் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். "படத்தக் கழுவுறதெல்லாம் ஒரு தொழிலா?" என்று உன்னைக் கேட்டேன். நீ பதிலுக்குச் சண்டை போடவில்லை. கல்யாணமான புதிதில் நானும் அம்மாவும் சிதம்பரத்துக்குப் போய்ப் பார்த்த ‘ஆகாய சூரன்’ இங்கிலீஷ் படத்தை இரண்டு டிஸ்க்காக அனுப்பினாய். ஒன்றில் அ, இன்னொன்றில் ஆ. இரண்டும் உன் கம்பெனி சுத்தம் செய்தவை, ஒன்று பல வருஷத்துக்கு முன் கடைக்கு வந்தது, ஒன்று இந்த வருஷம் நீ முன்னால் நின்று செய்தது என்றாய். எது எதுவென்று சொல்லவில்லை. "எது நல்ல சரக்குன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்கப்பா. அப்புறம் மாடியப் பத்திப் பேசலாம்" என்றாய். வியாபாரியிடம் எப்படிப் பேச வேண்டுமோ அப்படித்தான் பேசினாய்.

மத்தியானம், ஜன்னலெல்லாம் திறந்திருக்க, டியூப் லைட்டையும் போட்டுக்கொண்டு பார்த்தேன். அ டிஸ்க் பளபளவென்று இருந்தது. ஆ டிஸ்க்கில் பொடி மணல் ஊர்கிற மாதிரி ஏதோ படம் முழுக்க ஊர்ந்தது. உடனே போன் போட்டு, அ-தான் சரக்கு, ஆ அழுகல் என்றேன். நீ "சரிப்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாய். பந்தயத்தில் நான் ஜெயித்துவிட்டேன் என்று அன்று இரண்டு வாய் சோறு கூடத் தின்றேன். பொய் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை துறைமுகத்தில் ஒன்று நடந்தது. ஜெயப்பிரகாஷ் என்று ஒரு பையன், சிதம்பரத்தில் புதிதாக ஹோட்டல் வைத்திருக்கிறான், என்னிடம் இறால் எடுக்க வந்தான். என் இறால் விடியற்காலை படகிலிருந்து இறங்கியது. தலை கொஞ்சம் கறுத்திருந்தது, மீசை முறியவில்லை. பக்கத்துப் பெட்டியில் யாரோ மருந்துத் தண்ணீரில் ஊறவைத்தது, உப்பிப்போய் மின்னியது. பையன் அதையே பார்த்துக்கொண்டு, "அண்ணே, உங்க சரக்கு மங்கலா இருக்கே. அது பாருங்க, கண்ணாடி மாரி இருக்கு" என்றான்.

எனக்கு வந்ததே ஆத்திரம். "மின்னுறது இறால் இல்ல தம்பி, அது குடிச்சிருக்கிற மருந்து. சட்டியில போட்டா பாதியா சுருங்கிடும். கடல்லேர்ந்து வந்ததுன்னா மேல சொரசொரப்பு இருக்கத்தான் செய்யும். அந்தச் சொரசொரப்புதான்யா இறாலு. அதக் கழுவிட்டு என்னாத்த திம்ப?" என்று கத்திக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றுவிட்டேன். உன்னிடம் சொன்ன பொடி மணல் ஞாபகம் வந்துவிட்டது. நான் வாயை மூடியதை அவன் பெரிய கோபம் என்று நினைத்திருப்பான். என் சரக்கிலேயே இரண்டு பெட்டி எடுத்துக்கொண்டு போனான்.

வீட்டுக்கு வந்ததும் உன் அத்தை மகன் அன்புமணியைக் கூப்பிட்டேன். டிவி வேலைக்கு இந்தப் பக்கம் அவனைத்தான் நம்பலாம். வந்து ரிமோட்டை நாலு அழுத்து அழுத்திவிட்டுச் சிரித்தான். "மாமா, கடையில பத்து டிவிக்கு நடுவுல இதுமட்டும் பளிச்சுனு தெரியணும்னு அவுங்க வச்ச வெளிச்சம் இது. வாங்கிவந்த நாள்லேர்ந்து யாரும் மாத்தலியா? சூரியனக் கொண்டாந்து கூடத்துல கட்டி வச்சிருக்கீங்க" என்றான். அதற்கு உன் அம்மா, "உங்க மாமா வாங்குன சரக்குல குத்தம் சொல்ல யாருக்கு தைரியம் இருக்கு?" என்றாள். அவன் வெளிச்சத்தைக் குறைத்து, ஜன்னலைச் சாத்தி, லைட்டையும் அணைத்துவிட்டுப் போனான்.

முதலில் அ. சூரனின் முகம் மெழுகில் செய்து வைத்தது போல இருந்தது. ஊரையே தூக்கிச் சுமக்கிறான், நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. "இவன் என்ன ஃபேனுக்குக் கீழ நின்னா சண்ட போடுறான்?" என்றாள் அம்மா. அப்புறம் ஆ. அதே மணல் ஊர்ந்தது, பிலிம் சுருளோடு பிறந்த சொரசொரப்பு. கொஞ்ச நேரத்தில் அது கண்ணில் படவில்லை, படத்துக்குள் போய்விட்டோம். சூரன் வேர்த்தான். முதுகில் தொங்கும் மஞ்சள் துணியில் தையல் தெரிந்தது. கடல் கடலாக இருந்தது, அலை உடைந்தால் தூறல் தெரிந்தது.

கப்பலை இழுக்கிற கட்டம் வந்தது. உனக்குச் சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறேன். பாறையில் மோதப்போகிற கப்பலை அவன் சங்கிலியால் இழுத்துத் திருப்புவான். அன்றைக்குக் கொட்டகையில் கூட வந்திருந்த நம் சோனங்குப்பத்து மீன்காரர்களோடு ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தோம். "டேய், நங்கூரத்தத் தூக்காம இழுக்குறான் பாருடா. இவனெல்லாம் சூரனா!" என்று முதலில் கத்தியவன் நான்தான். கொட்டகையே சிரித்தது. அம்மா மட்டும் மெதுவாக, "தூக்கியிருப்பாங்க, நமக்குத் தெரியலியோ என்னமோ" என்றாள். புதுப் பெண்டாட்டியை அதற்கும் சேர்த்துக் கிண்டல் செய்தோம். இத்தனை வருஷமாக யாராவது மடத்தனமாக வேலை செய்தால் நம் வீட்டில், நங்கூரத்தைத் தூக்காத சூரன் என்றுதானே சொல்கிறோம்.

பிரியா, நங்கூரத்தைத் தூக்கியிருக்கிறார்கள். திரையின் இடது மூலையில், இருட்டில், ஒரு கிழட்டு மாலுமி நெஞ்சைக் கொடுத்துச் சக்கரத்தைச் சுற்றுகிறான். நங்கூரச் சங்கிலி சொட்டச் சொட்ட மேலே ஏறுகிறது. அதன் பிறகுதான் சூரன் இழுக்கிறான். நிறுத்தி, அ டிஸ்க்கைப் போட்டு அதே இடத்தைப் பார்த்தேன். அந்த மூலை வெறும் தார். கிழவனும் இல்லை, சக்கரமும் இல்லை. மணலைக் கழுவும்போது அவனையும் சேர்த்துக் கழுவிவிட்டார்கள்.

நான் அப்பவே சொன்னேனே என்று அம்மா சொல்லவில்லை. "அந்தக் கெழவனுக்கு ஒரு விசில் அடிங்க" என்றாள். அடித்தேன். பல்லிடுக்கில் காற்றுதான் வந்தது.

ஆ டிஸ்க்கில் சூரன் பறக்கும்போது முதுகில் கட்டிய கம்பியும் ஒரு கணம் தெரிந்தது. ஆ-தான் உன் கை என்று அப்போது புரிந்தது, அந்தக் கம்பியை நீ அழிக்காமல் விட்டிருக்கிறாய். முன்னால் என்றால் அதையும் குறை என்றிருப்பேன். இப்போது, இருந்ததை இருந்தபடி கொடுத்திருக்கிறாள் என்று தோன்றுகிறது.

நீ வேலையை விட்ட காரணத்தை அன்றுதான் அம்மாவிடம் கேட்டேன். அடுத்த படத்தைப் பழையபடி பளபளவென்று கழுவச் சொன்னார்களாம், நீ மாட்டேன் என்றாயாம். இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். "நீங்க எங்க கேட்டீங்க?" என்றாள். சரிதான். மருந்தில் ஊறிய சரக்கை என் பெட்டியில் வைக்க மாட்டேன் என்று நான் துறைமுகத்தில் எத்தனை பேரோடு முறைத்திருக்கிறேன். அதையே நீ செய்துவிட்டு வந்து நின்றபோது, உன்னை அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

இந்தத் தொழில் ஓடுமா என்று எனக்குத் தெரியாது. பளபளப்பு கேட்கிறவன்தான் ஜாஸ்தி, அதை மறைக்க மாட்டேன். ஆனால் சொரசொரப்பு தெரிந்து வாங்குகிறவன் ஒருதரம் வந்தால் வேறு பெட்டிக்குப் போக மாட்டான். என் அனுபவம் அவ்வளவுதான்.

மொபைல் கடைக்காரரிடம் மாடி இல்லை என்று சொல்லியாகிவிட்டது. நீ போனை எடுக்காததால் உன் சார்பில் அம்மாதான் பேரம் பேசினாள். கெட்டிக்காரி, என்னையே இறக்கிவிட்டாள். முடிவானதைக் கடைசியில் எழுதியிருக்கிறேன். நீ தொட்டது துலங்கட்டும், கண்ணுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். புறப்படும் நாளை எனக்கே போன் செய்து சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா,
பொன்னுரங்கம்.

முடிவான பேச்சு: வாடகை மாதம் பதினெட்டாயிரம், மொபைல் கடைக்காரர் சொன்ன அதே தொகை. மகள் என்று ஒரு ரூபாய் குறையாது. குறைத்தால் அதை இப்படிச் செய், இதை அப்படிச் செய் என்று சொல்ல எனக்கு வாய் வந்துவிடும். முழு வாடகை கொடுக்கிறவளிடம் வராது. முன்பணம் வேண்டாம், இது அம்மா பேசியது. முதல் வாடகை உனக்கு முதல் படம் வந்த மாதத்திலிருந்து, இதுவும் அவள் பேசியதுதான். கரண்ட் பில் உன்னுடையது. நீ கூப்பிடாமல் நான் மாடி ஏறக்கூடாது. மத்தியானச் சாப்பாட்டுக்கு நாங்கள் கூப்பிடாமலே நீ கீழே இறங்கி வர வேண்டும்.