தொட்டிக்குள் இறக்கிய விளக்கு

மே 14, புதன்

முந்திரிப்பழம் வந்து இறங்கிவிட்டது. ஜெயங்கொண்டம் பக்கத்துத் தோப்புகளில் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே போட்டுவிடுவார்கள். அந்தக் கழிவுதான் எங்களுக்குச் சோறு. பிழிந்து, காயவைத்து, அமிலத்தில் ஊறப்போட்டு, சூளையில் கரியாக்கி மூட்டை பிடிக்கிறோம். அடுப்புக் கரி இல்லை இது, கெட்ட புகையை உறிஞ்சிக்கொள்கிற கரி. எங்கள் சூளைப் புகையே அந்தக் கரி நிரப்பிய பெரிய இரும்புத் தொட்டி வழியாகத்தான் வெளியே போகிறது.

நான் லேபில் மாதிரி எடுத்து எழுதிவைக்கிறவள். தொட்டியைப் பார்த்துக்கொள்வது என் வீட்டுக்காரர் வீரமுத்து. (பெயரை நோட்டில் எழுதுவதோடு சரி.) சிமெண்டு லாரியில் தூசி தின்றுகொண்டிருந்த மனுஷன். இப்போது யார் கேட்டாலும், "காத்தக் கழுவுற வேல பாக்குறேன்" என்று ஒரே பெருமை. பெருமைக்குக் குறைச்சலில்லை, இருமல்தான் இன்னும் விட்டபாடில்லை.

ஆகஸ்ட் 9, சனி

இன்று ஒரு விநோதம். கழுவிய ஈரக் கரியைப் பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு இறுக மூடி செவ்வாயன்று அலமாரியில் வைத்தேன். இன்று பார்த்தால் பாட்டில் பட்டினி கிடந்த வயிறு மாதிரி ஒட்டிக் கிடக்கிறது. யாரும் தொடவில்லை. மூடியைத் திருகியதும் உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்துக்கொண்டது. முதலாளி ரஞ்சித்குமார் சாரிடம் காட்டினேன். குளிர்ச்சிக்கு அப்படித்தான் ஆகும் என்றார். ஆடி வெயிலில் என்ன குளிர்ச்சியோ! படித்தவர் சொல்கிறார், நமக்கென்ன.

ஆகஸ்ட் 12

மூடி வைத்தேன். மறுபடி ஒடுங்கிவிட்டது.

செப்டம்பர் 21, ஞாயிறு

மாமியார் குன்னத்திலிருந்து வந்திருக்கிறார். வந்த அன்றே ஆரம்பித்தாயிற்று. சாயங்காலம் சாமி விளக்கை எடுத்தேன், "நீ இரு, நான் ஏத்துறேன்" என்று வாங்கிக்கொண்டார். மூன்று தடவை கரு தங்காமல் போனதிலிருந்து இப்படித்தான். ராசியில்லாத கை என்று பக்கத்து வீட்டில் சொன்னது என் காதிலும் விழத்தான் செய்தது. இவரிடம் சொல்லி அழுதேன். அம்மா அப்படித்தான், விடு என்கிறார். எப்படி விட?

மற்றபடி அத்தை பேச்செல்லாம் செத்துப்போன மாமனாரைப் பற்றித்தான். ஊர் ஊராகக் கிணறு வெட்டியவர். இவரும் பன்னிரண்டு வயதிலேயே அப்பாவோடு கிணற்றில் இறங்கினாராம். இந்தக் கதையை நூறு தடவை கேட்டாயிற்று. பாதியிலேயே எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

செப்டம்பர் 27, சனி

ஆயுதபூஜைக்காகச் சூளையை நிறுத்திவிட்டோம். தொட்டியில் பாதிக் கரியை அள்ளிவிட்டு மீதியின் மேலேயே குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினார்கள். ஆறவிட்டுக் காயவைப்பதற்குள் மழை இருட்டிக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் இறுக மூடச் சொல்லிவிட்டார் சார். பூஜையன்று திறந்துகொள்ளலாமாம்.

அக்டோபர் 1, புதன், மதியம்

 பூஜைக்கு நேரம் இருக்கிறது, அதற்குள் எழுதிவைக்கிறேன்.

காலையில் தொட்டி மூடி வரவே இல்லை. கடப்பாரையால் நெம்பினார்கள். "உள்ளேருந்து யாரோ புடிச்சிக்கிட்டு விடமாட்டேங்குறாங்க" என்று இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எல்லா மிஷினுக்கும் வெளியே பொட்டு வைத்தால், தொட்டிக்கு மட்டும் உள்சுவரில் வைக்க வேண்டும் என்பது இவர் கொண்டுவந்த வழக்கம். உள்ளேதானே அது வேலை செய்கிறது என்பார். ஏணி வைத்து இறங்கி மூன்று சந்தனப் பொட்டு, மேலே குங்குமம். அதற்கு முன்னால் அகல் விளக்கை வாளியில் வைத்துக் கயிற்றில் இறக்கிக் காட்டவேண்டும். இந்த வருஷம் அதை என்னைச் செய்யச் சொன்னார். அம்மா முன்னால் என் கைக்கு ஒரு மரியாதை கிடைக்கட்டும் என்று நினைத்திருப்பார்.

இறக்கினேன். பாதியிலேயே அணைந்துவிட்டது. ஏற்றினேன், மறுபடியும். மூன்றாவது தடவையும். மழைக்காற்றில்கூட அணையாத விளக்கு. என் கையில் ஏன் இப்படி?

மேலே நான் மட்டும்தான் நின்றேன். வாளியை வாய் வரைக்கும் இழுத்து, முந்தானையால் மறைத்து, மறுபடி ஏற்றிக்கொண்டு எரிகிற விளக்கோடு கீழே இறங்கிவிட்டேன். அத்தை பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல நாள் அதுவுமாக இன்னொரு பேச்சு கேட்க என்னால் முடியாது.

பூஜை நாலரைக்கு.

அக்டோபர் 20

இன்று தீபாவளியாம்.

நவம்பர் 9, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். யாரிடமும் சொல்ல முடியவில்லை, இங்கேயாவது.

பூஜையன்று சந்தனக் கிண்ணத்தோடு ஏணிப்படியில் காலை வைத்தவர் நின்று, திரும்பி, என்னைக் கேட்டார்:

"வேணி, வெளக்கு எறக்குனியே, எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு ஏறினார், உள்ளே இறங்கினார். ஒரு சத்தமும் இல்லை. கிண்ணம் இரும்பில் விழுந்த சத்தம் மட்டும்தான். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தோம். நான் ஏணியில் ஏறிவிட்டேன். கூட வேலை செய்யும் சிந்தாமணி என் தலைமயிரைப் பிடித்துக் கீழே இழுத்துத் தள்ளினாள். அவள் நல்லாயிருக்கட்டும். நல்லாயிருக்கட்டும் என்று ஏன் எழுதுகிறேன், விட்டிருக்கலாமே அவள்.

முகமூடி போட்டுக்கொண்டு வந்துதான் தீயணைப்புக்காரர்கள் தூக்கினார்கள். உள்சுவரில் இரண்டு பொட்டு இருந்ததாம்.

ஈரக் கரியை மூடி வைத்தால் காற்றிலிருக்கிற உயிரை அது தின்றுவிடும் என்று விசாரிக்க வந்த அதிகாரி சொன்னார். லேபில் அந்தப் பாட்டில் இன்னும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பூஜைக்கு முன்பே இரண்டு மாதமாக என்னிடம் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தது, எனக்கு எங்கே புத்தி போயிற்று?

இன்று அத்தை தூணில் சாய்ந்துகொண்டு தனக்குள்ளேயே பேசினார். "வெளக்கு எறக்காம எம்புள்ள ஒரு கெணத்துலயும் எறங்குனதில்லியே. அணைஞ்சா உள்ள காத்து செத்துக்கெடக்குன்னு அவங்கப்பன் சொல்லிக் குடுத்ததாச்சே. எப்புடிக் கேக்காம எறங்குனான்?"

நூறு தடவை கேட்ட அந்தக் கதையில் நான் எழுந்து போன பாதி இதுதான். இவர் கொண்டுவந்த வழக்கம் பக்தி என்று நினைத்திருந்தேன்.

இவர் கேட்டார், அத்தை. என்னைத்தான் கேட்டார்.

டிசம்பர் 3, புதன்

அத்தையிடம் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். ஏன் மறைத்தாய் என்று மட்டும் கேட்டார். ராசியில்லாத கை என்பீர்களே, அதற்குத்தான் என்றேன். அத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டார்.  விடிந்ததும் குன்னம் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மே 13, 2026, புதன்

முந்திரிப்பழம் வந்துவிட்டது. அதே வாடை.

தொட்டிக்கு இப்போது வெள்ளைச்சாமி அண்ணன். சார் காற்றை அளக்கிற கருவி வாங்கி வைத்திருக்கிறார். அது பச்சை காட்டினாலும் நான் விளக்கையும் இறக்காமல் யாரையும் விடுவதில்லை. கிறுக்கு என்று பேசிக்கொள்கிறார்கள், பேசட்டும்.

இன்று மேலே நின்று விளக்கை உள்ளே இறக்கினேன். கீழே கையைத் துடைத்துக்கொண்டே அண்ணன் கேட்டார், "எரியுதாம்மா?"

நன்றாகத்தான் எரிந்தது. 

"என்னயக் கேக்காதீங்கண்ணே. நீங்களே ஏறி வந்து பாருங்க."

அவர் ஏறி, குனிந்து, பார்க்கும்வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.