ரிசீவரைக் கீழே வைக்காதவருக்கு

ஏனுங்க,

உங்களை நான் வேறெப்படியும் கூப்பிட்டதில்லை. தாலி ஏறிய நாளிலிருந்து இந்த ஒரு சொல்தான். பேர் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று என் அம்மா சொல்லி அனுப்பினாள். நான் சொல்லாமலே இருந்தும் நீங்கள் போய்விட்டீர்கள். அதை இப்போது யாரிடம் போய்க் கேட்பது?

சேதி சொல்லத்தான் எழுதுகிறேன். நல்ல சேதி ஒன்றுமில்லை. போன வாரம் நம் வீட்டு டெலிபோனைக் கழற்றிக் கொண்டுபோய் ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்தோம், நானும் மகன் குமரேசனும். முன்னறையில் அந்த முக்காலி மட்டும் நிற்கிறது. அதன் மேல் எதையாவது வைக்கலாம் என்றால் கை வரவில்லை.

அது வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். எழுதிப் போட்டு, நாம் மறந்தே போன பிறகு வந்தது. தென்னந்தோப்பு நெடுகக் கம்பம் நட்டு வயர் இழுத்தார்கள். கறுப்பு போன், கைக்குழந்தை கனம். நம் சரசு அப்போது பள்ளிக்கூடத்தில் படித்தாள். கம்பளி நூலில் ஒரு விரிப்பு பின்னி அதன் மேல் போர்த்தினாள். முன்னூற்று நாற்பத்தேழு. மூன்றே எண்தான். ஊரில் யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையிலும் அந்த எண்ணைப் போட்டு, பக்கத்தில் பி.பி. என்று அச்சடித்தார்கள். யாருக்கு யார் கூப்பிட்டாலும் மணி நம் வீட்டில்தான் அடிக்கும். நான் வேலியோரம் போய் நின்று, உரியவர்களைக் கத்திக் கூப்பிடுவேன். தொண்டை கட்டிப்போனதெல்லாம் உண்டு.

போனில் யாராவது 'யார் வீடு' என்று கேட்டால்தான் எனக்குச் சிக்கல். உங்கள் பேரை எப்படிச் சொல்வது? "முன்னூத்தி நாப்பத்தேழுங்க" என்பேன். கொஞ்ச நாளில் ஊரே உங்களை 'முன்னூத்தி நாப்பத்தேழு' என்று கேலி பண்ணியது. நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். அப்போதெல்லாம் நீங்கள் சிரிக்கிற ஆள்தான்.

சரசு போன பிறகுதான் சிரிப்பு நின்றது. தேங்காய் ஏற்ற வந்த லாரியை ஓட்டிய பையன், மலைமேல் இருக்கிற வண்டன்மேட்டுக்காரன், வேறு சாதி. அவனோடு போய்விட்டாள். குலதெய்வம் கோயிலில் நின்று, அவளோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று சத்தியம் பண்ணினீர்கள். எனக்கும் சேர்த்து நீங்களே பண்ணினீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உங்கள் வீட்டு வழக்கம் எனக்குத் தெரியாததா? உங்கள் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் வரப்புச் சண்டையில் பேச்சு நின்றுபோனது. அப்புறம் சாகிற வரைக்கும் மாட்டிடம் சொல்வதுபோல்தான் ஒருத்தருக்கொருத்தர் சேதி சொல்லிக்கொண்டார்கள். "தண்ணி திருப்பற முறை நாளைக்கு நமக்கில்லடா காளை" என்று இவர் சொல்வார். மறுநாள் அங்கே அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவார்.

அவள் போனதற்கு அடுத்த பொங்கலன்று காலையில் மணி அடித்தது. நீங்கள்தான் எடுத்தீர்கள். அலோ, அலோ என்றீர்கள். அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை போலிருக்கிறது. நீங்கள் ரிசீவரைக் கீழேயும் வைக்கவில்லை. அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, அடுப்பங்கரையைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டீர்கள்.

"ஏ புள்ள, செவலை கெடாரிக் கன்னு போட்டிருக்குதுன்னு உங்கண்ணங்கிட்டச் சொன்னியா?"

எனக்கு அண்ணனே கிடையாது. முழித்துக்கொண்டு, "சொல்றனுங்க" என்றேன். கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது என்றீர்கள். குமரேசன் பாஸாகிவிட்டான் என்றீர்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாதா என்று நினைத்த பிறகுதான் புரிந்தது. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து உங்கள் பக்கத்தில் நின்றேன்.

"இடுப்பு வலிக்கு மருந்து தின்னயா?"

"தின்னனுங்க. இப்பத் தேவலைங்க" என்று தோப்புக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்.

அதிலிருந்து வருஷா வருஷம் பொங்கல் நமக்கு அதுதான். வருஷத்துச் சேதியெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு, எனக்கே என் வீட்டைப் பற்றிச் சொல்வீர்கள். நானும் புதுசாகக் கேட்பவள் மாதிரி கேட்டுக்கொள்வேன். ஒரு தடவையாவது அந்த ரிசீவரை என் காதில் வைத்தீர்களா? அவள் மூச்சுச் சத்தமாவது கேட்டிருக்கும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. நீங்கள் செத்துப்போனதால் ஆறிவிடும் என்று நினைக்காதீர்கள்.

எண்ணுக்கு முன்னால் இன்னும் சில எண்கள் சேர்த்தார்களே, அந்த வருஷம் நீங்கள் பட்ட பாடு. பழைய நம்பருக்கு அடித்தால் என்ன ஆகும் என்று லைன்மேனைத் துளைத்தெடுத்தீர்கள். தேங்காய் வியாபாரிகளுக்காகக் கேட்பதாகச் சாக்கு வேறு. பொங்கலன்று மணி அடித்தது. அவள் எப்படியோ விசாரித்துத் தெரிந்துகொண்டிருக்கிறாள். அன்றைக்கு இன்னொரு கரண்டி பொங்கல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள்.

அப்புறம் குமரேசன் ஒரு சின்னப் பெட்டி வாங்கி வந்து மாட்டினான். கூப்பிடுகிறவர் நம்பர் அதில் தெரியும். பொங்கலுக்கு முந்தின நாள் அதைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டுவிட்டீர்கள். அவன் கோபித்துக்கொண்டு சோறு தின்னாமல் போனான். அவன் போன பிறகு என்னிடம் மட்டும் சொன்னீர்கள்.

"நம்பர் தெரிஞ்சா நான் அடிச்சுருவேன் புள்ள."

அடித்திருக்கலாமே. சத்தியத்தைக் காப்பாற்றி என்ன கண்டோம்? அந்தப் பெட்டி இருந்திருந்தால் இன்றைக்கு அவள் நம்பராவது என் கையில் இருக்கும்.

ஆடிக்காற்றில் தென்னை மட்டை விழுந்து வயர் அறுந்தது. நீங்கள் ஆபீஸுக்கு நடையாய் நடந்தீர்கள். அந்த மாதிரி வயரே இனி வராது என்று சொல்லியும் விடவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு போவீர்கள், வாங்கிக்கொண்டு வருவீர்கள். கார்த்திகையில் நீங்களே போய்விட்டீர்கள். துக்கம் சொல்லக் குமரேசன் வண்டன்மேட்டுக்குப் போனான். அந்தக் குடும்பம் சாந்தன்பாறைப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். சாந்தன்பாறையில் அப்படி யாரையும் தெரியாது என்றார்கள்.

பொங்கலன்று போனைத் துடைத்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். லைன் செத்தது தெரியும். இருந்தாலும் உட்கார்ந்திருந்தேன். அவள் அங்கே அடித்துப் பார்த்திருப்பாள். கிடைக்கவில்லை என்றதும் என்ன நினைத்திருப்பாள்? அப்பா கடைசியில் லைனையே வெட்டிவிட்டார் என்றுதானே? நீங்கள் இல்லை என்பதுகூட அவளுக்குத் தெரியாது.

ஆபீஸில் இருந்த மலையாளத்துப் பையன், "ஆருட பேரிலா கணக்‌ஷன்?" என்று கேட்டான். என் வாயில் "முன்னூத்தி நாப்பத்தேழுங்க" என்றுதான் வந்தது. அவன் புரியாமல் பார்த்தான். குமரேசன் உங்கள் பேரைச் சொன்னான். அந்த நம்பரை மட்டும் என் செல்போனில் போட்டுத்தர முடியுமா என்று கேட்டேன். முடியாதும்மா, அந்த நம்பரே இனி இல்லை என்று தன்மையாகத்தான் சொன்னான். மூலையில் ஒரு குவியல் கிடந்தது. நம் போனையும் அதன் மேல் வைத்தான்.

செத்தவருக்கு எழுதின கடிதத்தைப் பத்திரிகைக்கு எதற்கு அனுப்புகிறாய் என்கிறான் குமரேசன். உங்களுக்குப் புரியும். சரசு பத்திரிகை படிக்கிறவள் இல்லை. எந்த மலையில் இருக்கிறாளோ, அங்கே இது போய்ச் சேரவும் போவதில்லை. தெரிந்துதான் உங்களிடம் இத்தனை சத்தமாகப் பேசுகிறேன்.

ஏனுங்க, வயரை நீங்க வெட்டலீங்க. மட்டை விழுந்து அறுந்துச்சுங்க. சாகற வரைக்கும் அதைச் சரி பண்ணத்தான் அலைஞ்சீங்க.

இனி என் பங்குக்கு நானும் ஒரு சத்தியம் செய்கிறேன். அவள் என்றைக்காவது வாசலில் வந்து நின்றால், மாட்டையோ உங்களையோ நடுவில் வைக்காமல் அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவேன். நான் இருக்கிற வரைக்கும்தான் இந்தச் சத்தியமும். கீழே உங்கள் பேரை எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எழுதாவிட்டால் எந்த வீட்டுச் சேதி என்று அவளுக்குத் தெரியாது.

சென்னியப்பன் ஊட்டுக்காரி,
சரசுவின் அம்மா,
தெய்வானை