அப்பா ஒத்துக்கொள்ளவில்லை

ஒகயாமா,
மார்ச் மாதம்.

அன்பு மகள் சினாட்சுவுக்கு,

இங்கே குளிர் விட்டுவிட்டது. நம் நூடுல்ஸ் கடைக்குப் பின்னால் பிளம் மரம் பூத்துக் கொட்டுகிறது. செண்டாயில் நீயும் மாப்பிள்ளை சோய்ச்சியும் நலம்தானே? எனக்கு இன்று கால் தரையில் பாவவில்லை.

கோர்ட்டில் அப்பாவைக் கூப்பிட்டார்கள். வக்கீல் குவபாரா அம்மா நேற்றே சிறையில் அவரிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: "தள்ளினேன்னு ஒத்துக்கிட்டா ஜாமீன் கிடைக்கும், ஜெயிலும் இருக்காது. இல்லைன்னா உள்ளேயேதான் இருக்கணும்." கல்யாணத்துக்கு அப்பா வேண்டுமென்று நீ போனில் அழுததையும் நான் அப்பாவிடம் சொன்னேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சரி சரி என்று தலையாட்டினார்.

உன் அப்பாவைத் தெரியாதா? கதவில் இடித்துக்கொண்டால் கதவிடம் மன்னிப்புக் கேட்கிற ஆள். ரயில் ஸ்டேஷன் படியில் யாரோ உருண்டால் சும்மா இருப்பாரா? ஓடிப்போய்த் தூக்கி, "மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க" என்று குனிந்து குனிந்து கேட்டிருக்கிறார். நம் ஊரில் யார்தான் கேட்கமாட்டார்கள்? போலீஸ் அதையே, தள்ளிவிட்டதற்கு ஒப்புதல் என்று எழுதிக்கொண்டது, கிராதகர்கள்!

குற்றச்சாட்டில் தவறு உண்டா என்று நீதிபதி கேட்டார். அப்பா குனிந்து, "மன்னிக்கணும்" என்றார். போச்சு, ஒத்துக்கொண்டார் என்று கைக்குட்டையை எடுத்தேன். நிமிர்ந்தவர் சொன்னார்: "அவர் விழுந்தது எனக்கு வருத்தம்தாங்க. ஆனா நான் தள்ளலை. தள்ளினேன்னு பொய் சொல்லிட்டு எம்பொண்ணு கல்யாணத்துல எந்த முகத்தோட உட்காருவேன்?"

குவபாரா அம்மா வாயைப் பிளந்தபடி பார்த்தார். எனக்கோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. காவலர் முறைத்தார். முறைக்கட்டுமே! யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத மனுஷன், கண்ணு! என்ன பெருமையாக இருக்கிறது தெரியுமா? கடைக்குத் திரும்பியதும் மீன்கடை ஒகுனோ ஓடிவந்து, "என்னக்கா, அண்ணனை விட்டுட்டாங்களா?" என்று கேட்டார். "விடலையே!" என்று நான் சிரித்த சிரிப்பில் மிரண்டுபோனார்.

ஜாமீன் இல்லை என்றுவிட்டார்கள். வழக்கு இலையுதிர் காலம்வரை இழுக்கலாமாம். ஏப்ரல் கல்யாணத்தை நிறுத்தவேண்டாம் என்கிறார் அப்பா. தள்ளிப்போடு என்கிறேன் நான். சோய்ச்சி வீட்டார் முகம் சுளிப்பார்கள், தெரியும். தலையைக் குனியாமல் அவர்களிடம் சொல்: "எங்கப்பா அதைச் செய்யலை. அவர் வந்து உட்காருற அன்னைக்குத்தான் கல்யாணம்." பயமாகத்தான் இருக்கும். உன் அப்பாவுக்கே வாய் வந்ததே, உனக்கா வராது?

தைரியமாக இரு, நன்றாக இரு மகளே.

அம்மா,
ஃபுமியே