லண்டனிலிருந்து நீங்கள் அனுப்பிய பொம்மை

என் அருமை அண்ணை,

நீங்கள் கண்மூடி இரண்டு வருடமாகிறது. உங்கள் மருமகள் அபிக்கு இப்போது பதினாலு வயது. போன கிழமை தன் அறையில் இருந்த உங்கள் படத்தைக் கழற்றி என் கையில் தந்துவிட்டாள்.

எல்லாம் அவளுடைய மூன்றாவது பிறந்தநாளுக்கு நீங்கள் அனுப்பிய பொம்மையால் வந்தது. கரிக்கறுப்பு முகம், பிதுங்கிய வெள்ளைக் கண், சிவப்பு அப்பிய வாய். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலப் பாடத்துக்கு ஏதாவது ஒரு பழைய பொருளைப் பற்றிப் பேசச் சொன்னார்களாம். மாமாவின் பொம்மை இருக்கிறதே என்று ஆசையாய்த் தேடிப் படித்திருக்கிறாள்.

நூறு வருடத்துக்கும் முதல் பிள்ளைகளின் கதைப் புத்தகத்தில் வந்த உருவமாம். வெள்ளைக்காரர் கரி பூசிக்கொண்டு மேடையில் கறுப்பரைக் கேலிசெய்த வேடத்தின் சாயலாம். பிறகு அதன் படத்தை ஜாம் போத்தலில் ஒட்டினார்களாம். கடைசியில் அதன் பெயரைச் சொல்லியே கறுத்த ஆட்களைத் தெருவில் வைதார்களாம்.

"அம்மா, மாமா உந்தப் பொம்மையைப் பாத்திட்டோ என்னை நினைச்சவர்?"

அந்தப் பெயர் எனக்குத் தெரியும், அண்ணை. "தங்கச்சி, பெற்றோல் நிலையத்திலை முதலாளி எனக்கு ஒரு செல்லப் பேர் வைச்சிருக்கிறார். என்னிலை நல்ல பட்சம்" என்று போனில் எவ்வளவு சந்தோஷமாய்ச் சொன்னீர்கள்! எங்கள் வீடுகளில் செல்லப் பெயர் இல்லாத பிள்ளை உண்டா? நானும் நம்பினேன். அதே பெயரில் ஒரு பொம்மையைக் கடையில் கண்டதும், மாமாவின் ஞாபகமாய் இருக்கட்டும் என்று வாங்கி அனுப்பினீர்கள்.

கடைசிவரை உங்களுக்குத் தெரியாதா? இல்லை, தெரிந்தும் எனக்குச் சொல்லாமல் விழுங்கினீர்களா? இனி நான் யாரைக் கேட்பேன்?

பாழாய்ப்போன பொம்மையைக் குப்பையில் போட்டேன். அதனால் ஒன்றும் ஆகவில்லை. உண்மையைச் சொல்லாவிட்டால், தன்னைப் பகிடி பண்ணியவர் என்றே உங்களை நினைத்து வளருவாள். சொன்னாலோ, மாமனை முதலாளியே பகிடி பண்ணியது அவளுக்குத் தெரிந்துவிடும். இரவு வேலைக்கும் சேட்டைத் தேய்த்து மினுக்கிப் போட்டுக்கொண்டு போன மனுசன் நீங்கள். உங்கள் மானத்தை நானே அவிழ்த்துக் காட்டவோ? என்னால் ஏலாது.

நாளைக்கு அவளிடம் சொல்லப்போகிறேன்: "மாமா வேண்டாமெண்டுதான் சொன்னவர். நான்தான் அடம்பிடிச்சு அந்தப் பொம்மையை வாங்குவிச்சனான்."

நம்புவாளோ தெரியாது. நம்பினால் என்னோடு முகம்கொடுத்துப் பேசமாட்டாள். என்னை வெறுக்கட்டும், அண்ணை. உங்களை வெறுக்க விடமாட்டேன், இது சத்தியம்.

உங்களோடு கூடப்பிறந்த ஒரே தங்கச்சி,
டோர்ட்மண்டிலிருந்து