மலைச்சரிவில் கிடைத்த வண்டி

அன்புள்ள ஹருயோவுக்கு,

அண்ணி யாசுயோ எழுதுவது. சப்போரோவில் இன்னும் பனி உருகியிருக்காது. இங்கே பிளம் பூத்து, கடற்பாசி அறுவடையும் தொடங்கிவிட்டது. என் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, வாயும் அப்படியேதான். இந்தக் கடிதத்தையாவது பிரித்துப் படி, நல்ல சேதி இருக்கிறது.

உன் அண்ணன் கிடைத்துவிட்டார்.

சுனாமி வந்த நாளிலிருந்து அவரைக் கடற்கரையில்தான் தேடினோம். நிலம் ஆடினால் படகை ஆழ்கடலுக்கு ஓட்டிப்போய்க் காப்பாற்றுவது நம் மீனவர்கள் வழக்கம். துறையில் அவர் படகைக் காணோம். அவரும் அதோடு போயிருப்பார் என்று ஊரே முடிவு கட்டியது, நானும்தான். அதே அலையில் போன அம்மாவின் இறுதிச் சடங்கில் நீ எல்லார் முன்னாலும், "பெத்தவளை விட்டுட்டுப் படகைக் காப்பாத்தப் போனவன் எனக்கு அண்ணனே இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனாய். அதன்பிறகு ஊர்ப்பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

இங்கே மாதாமாதம் வெளியூர்க்காரர்கள் மண்வெட்டியோடு வருகிறார்கள். காணாமல் போனவர்களின் எலும்பாவது கிடைக்காதா என்று தோண்டுகிறார்கள். யார் பெற்ற பிள்ளைகளோ! நான் மிசோ சூப் வைத்துக் கொடுப்பேன். ஒசாகாவிலிருந்து வரும் முடிதிருத்துகிறவர் ஹமாகுச்சி இருக்கிறாரே, "அக்கா, உப்பு இன்னும் கொஞ்சம் ஏறினா நாங்க கடலுக்கே போக வேணாம்" என்பார். "அப்போ உன் கத்தரிக்கோலை எடுத்துக்கிட்டு ஊருக்குக் கிளம்பு" என்பேன். இரண்டாவது கிண்ணத்துக்கு முதலில் கை நீட்டுவதும் அவர்தான்.

போன இலையுதிர் காலத்தில் அவர், "எல்லாரும் கடலைப் பார்த்தே தோண்டுறோமே, மலைப்பக்கம் யாராச்சும் பார்த்தீங்களா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மீனவனை மலையில் தேடச் சொல்கிறானே, ஒசாகாக்காரன்! ஆனாலும் போனார்கள். அம்மா வீட்டுக்கு ஏறும் சந்துக்குக் கீழே, சரிந்த மண்ணுக்குள் நம் சின்ன சரக்கு வண்டி கிடந்தது. ஓட்டுகிற இருக்கையில், சேற்றோடு சேர்ந்து ஒரு கணுக்கால் எலும்பு. போலீசார் சோதித்துப் பார்த்து, உன் அண்ணனுடையதுதான் என்று போன வாரம் சொன்னார்கள்.

அலை தள்ளிக்கொண்டு வந்திருக்கும் என்பாய். வண்டிக்குள் அம்மாவின் மருந்துப் பை இருந்தது, ஹருயோ. எங்கள் சமையலறை அலமாரியில் இருந்த பை. வீட்டுக்கு வந்து அதை எடுத்துக்கொண்டு, அம்மாவைக் கூட்டிவரத்தான் போயிருக்கிறார். படகு தானாகக் கயிற்றை அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. அந்தப் பையைப் பார்த்த அன்றைக்கு வாய்விட்டு அழுதேன். ஹமாகுச்சியும் துண்டில் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார். பிறகு எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். எத்தனையோ காலம் கழித்து அன்றுதான் எனக்குச் சோறு ருசித்தது.

எலும்பை எரிக்க வேண்டியதில்லை, கலயத்தில் வைத்தால் போதும் என்று கோயில் குரு சொல்லிவிட்டார். ஆனால் நம் வழக்கப்படி இரண்டு பேர் சேர்ந்து குச்சிகளால் எடுத்து வைக்க வேண்டுமே. தான் ஒரு பக்கம் பிடிக்கட்டுமா என்று ஹமாகுச்சி தயங்கித் தயங்கிக் கேட்டார். "தம்பி, நீ தங்கமான பிள்ளை. ஆனா அந்த இடம் அவர் தங்கச்சியோடது" என்று சொல்லிவிட்டேன்.

சின்ன எலும்புதான். நான் ஒருத்தியே எடுத்து வைத்துவிடலாம், வைக்க மாட்டேன். நீ வந்து மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், உன்மேல் அவருக்கு எப்போது கோபம் நிலைத்திருக்கிறது? வந்து, அண்ணா என்று ஒரு தடவை கூப்பிடு. அது போதும் அவருக்கு.

நீ நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அண்ணி யாசுயோ