ஒரு வரிசை மட்டும் கேட்டவனுக்கு

மாப்பிள்ளை,

நேற்று நம் தலத்தெரு வீட்டுக்குப் புது ஃபிரிட்ஜ் வந்தது. காரைக்காலிலேயே பெரிய ஃபிரிட்ஜ் அதுதான். தூக்கிவர எட்டுப் பேர் தேவைப்பட்டது. பெட்டியை நானே பிரித்தேன். தெர்மக்கோல் உடைந்து வெள்ளை மணிகள் கையெல்லாம் ஒட்டிக்கொண்டன. உதறினேன், ஊதினேன், வேட்டியில் துடைத்தேன். போகவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நீ துபாயிலிருந்து திரும்பி, பட்டினம் போகும் சாலையில் நம் ஐஸ் கம்பெனியில் மெக்கானிக்காகச் சேர்ந்த காலம். நான் அங்கே போர்மேன். எட்டாங்கிளாஸோடு நின்றவன்தான், ஆனாலும் கம்ப்ரசரின் சத்தத்தை வைத்தே அதன் நோயைச் சொல்லிவிடுவேன். சென்னை இன்ஜினியர்களே என்னிடம் பாடம் கேட்டிருக்கிறார்கள். சரி, ஒருவர்.

உனக்கு முதல் வாரமே கை பரபரத்தது. உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் வரிசை வரிசையாக நிற்கும் ஐஸ் கேன்களை மூடுகிற மரமூடிகள் வழியாகக் குளிர் வீணாகிறது, மூடிக்கு அடியில் தெர்மக்கோல் ஒட்டினால் ஐஸ் சீக்கிரம் உறையும் என்றாய்.

"ஒரே ஒரு வரிசைக்கு ஒட்டிப் பாப்போம் மச்சான். சரியா வரலன்னா பிச்சிப் போட்டுடலாம். அங்கல்லாம் அப்படித்தான். நம்ம யோசனை தோத்தாலும், எங்க தோத்துச்சுன்னு எழுதிக் குடுன்னு சொல்லி மேனேஜர் டீ வாங்கிக் குடுப்பான்."

"தோத்ததுக்கு டீயா? நம்ம முதலாளி செயிச்சதுக்கே தண்ணி குடுக்க மாட்டாரே!" என்றேன்.

முதலாளியிடம் நான்தான் பேசினேன். "துபாய்ல எல்லா கம்பெனியிலயும் இதுதாங்க. இவனுக்கு ஷேக்கே தன் கையால தங்க மெடல் போட்டிருக்காருங்க." நீ என் காலை மிதித்தாய்.

"முதல்ல ஒரு வரிசை மட்டும் பாக்கலாங்க," என்றாய்.

முதலாளியின் முகம் சுண்டியது. "எலுமிச்சம்பழம் வச்சு ஆரம்பிக்கிற காரியத்துல என்னய்யா பாக்கலாம் கீக்கலாம்? நம்பிக்கை இருந்தா மொத்த மூடிக்கும் ஒட்டு. இல்லன்னா பேசாத. என்ன போர்மேன்?"

"மொத்தமாவே ஒட்டிடலாங்க. நான் இருக்கேன்ல," என்றேன்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் முதன்முதலாகக் கிளம்பும் நேரம். எல்லா மூடிக்கும் ஒட்டி முடித்து, அதற்கு முந்தின நாள் பூஜை போட்டார்கள். பூஜை நடுவில், பசை பிடித்திருக்கிறதா என்று ஒரு மூடியைக் கழற்றிப் பார்க்கப் போனாய். அபசகுனம் என்று தடுத்தார்கள். தடுத்த குரல்களில் என் குரலும் இருந்தது.

மறுநாள் பசை விட்டிருந்தது. தெர்மக்கோல் பொடிந்து கேன்களுக்குள் விழுந்து, ஐஸ் முழுக்க வெள்ளை மணி. படகுக்காரர் ஒருவர் கத்தினார்: "மீனுக்கு ஐஸ் கேட்டா ஜவ்வரிசி வடாம் போட்டு வச்சிருக்கீங்களே!" சிறுபடகை நம்பிப் பெருங்கடலில் இறங்குகிற ஊர் இது. கரையில் ஒரு மூடி தோற்றதைத் தாங்க முடியவில்லை.

"யாருய்யா இதுக்குப் பொறுப்பு?" என்றார் முதலாளி. டீக்கடையில் சொல்லும்போது அங்கே முந்நூறு பேர் நின்றதாகச் சொல்வேன். பன்னிரண்டு பேர்தான். நான் தரையைப் பார்த்தேன். நீ என்னைப் பார்த்தாய். பிறகு, "நான்தாங்க," என்றாய்.

அன்றே உன்னை அனுப்பிவிட்டார்கள். கேட் வரை கூட வந்தேன். "கோவமா மாப்ள?"

"அட, அதெல்லாம் இல்ல மச்சான். பசையை மாத்தியிருந்தா வந்திருக்கும்."

மறுபடி துபாய் போனாய். அங்கேயே மௌத், அங்கேயே அடக்கம். உன் வீட்டில் போய் நிற்கக்கூட எனக்கு முகமில்லை.

போன வருஷம் முதலாளியின் மகன் வெளியூர் கம்பெனியில் குளிர்காப்பு மூடிகள் வாங்கிப் போட்டான். நம் மூடிதான், பசை மட்டும் வேறு. விழாவில், அந்தக் காலத்திலேயே இதை யோசித்தவர் என்று எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வாங்கிக்கொண்டேன். அரைமணி நேரம் பேசவும் பேசினேன். உன் பெயர் வரவில்லை.

டீக்கடையில் நான் சொல்லும் கதையில், அன்று முதலாளியின் சட்டையைப் பிடித்து உனக்காக நியாயம் கேட்கிறேன். எல்லாரும் நம்புகிறார்கள். சட்டையைப் பிடித்திருக்கவே வேண்டாம், மாப்பிள்ளை. 'அவன் ஒரு வரிசைதாங்க கேட்டான்' என்றிருந்தால் போதும். ஊரையே பேசி விழுங்குகிற இந்த வாயில், அது மட்டும் இன்னும் சொல்லப்படாமல் கிடக்கிறது.